ஒரு சொட்டுகூட இல்லை

கரும்பு ஜூஸ் கடைக்காரருக்கு ஒருமுறை பிழிந்தால் மனசு ஆறாது. நாலுமுறை மெஷினுக்குள் விட்டார். கடைசியாக எலுமிச்சையும் இஞ்சியும் வைத்து, மடித்தும் பிழிந்தார். பிறகுதான் சக்கையைக் கூடையில் எறிந்தார். அங்கிருந்து அது லாரி ஏறி, ஓர் இரும்பு உலைக்கு வந்து சேர்ந்தது.

"என்கிட்ட இனி ஒரு சொட்டுகூட இல்லை. சீக்கிரம் எரிச்சு முடி" என்றது சக்கை.

உலை தன் கதவை இறுக்கிச் சாத்தி, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றியது.

"காத்து இல்லாம நான் எப்படி எரியறது?"

"எரியக் கூடாதுன்னுதான் சாத்தினேன். எரிஞ்சா வெறும் சாம்பல். நீ சும்மா சூடாகு."

"சூடாகி?"

"உள்ளே என்ன இருக்குன்னு பார்ப்போம்."

சூடு ஏற ஏறச் சக்கை பயந்தது, கத்தியது, கறுத்தது. பாதி கரியாகி வயலுக்கு உரமாகப் போனது. மீதி ஆவியாகிக் குழாயில் ஏறியது. அதைச் சுத்தம் செய்து, ஹைட்ரஜனை மட்டும் பிரித்து, ஒரு பஸ்ஸில் நிரப்பினார்கள். அது காற்றோடு கூடி பஸ்ஸை ஓட்டியது. ஓட்டி முடித்ததும் தண்ணீராகிப் பின்குழாய்க்கு வந்தது.

ஒரு மத்தியானம் பஸ் அதே ஜூஸ் கடைக் கூடையை ஒட்டி நின்றது. கூடைக்குள் ஒரு புதுச் சக்கை முனகிக்கொண்டிருந்தது:

"நாலு தடவை பிழிஞ்சுட்டாங்க. இனி என்கிட்ட ஒரு சொட்டுகூட இல்லை."

பின்குழாயிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அதன்மேல் விழுந்தது.

"நானும் இதேதான் சொன்னேன்" என்றது.