காயும் வரை

மில் மாடியில் நடந்த இன்டர்வியூவில் நாகமணியைச் சீக்கிரம் கீழே அனுப்பிவிடத்தான் மேனேஜர் அதைக் கேட்டார். "'ஆன் டென்டர்ஹுக்ஸ்'னா என்னம்மா? வெள்ளைக்காரங்ககிட்டப் பேசற வேலை. இதெல்லாம் தெரியணும்."

"முடிவு தெரியாம நெஞ்சு பதைக்கறதுங்க."

"மனப்பாடமா? அதுல 'ஹுக்'னு கொக்கி எங்கிருந்து வந்துச்சு?"

ஈரத்துணியை இழுத்துக் காயவைக்கும் மெஷினில் ஏழு வருடம் நின்றவள் அவள். பையிலிருந்து வேலைத் துண்டை எடுத்தாள். மேஜையிலிருந்த டம்ளர் தண்ணீரை அதில் ஊற்றினாள். ஒரு ஓரத்தை மேனேஜர் கையிலும் மறு ஓரத்தைப் பக்கத்திலிருந்த அதிகாரி கையிலும் கொடுத்தாள்.

"இழுங்க சார். இன்னும். நாங்க ஓரத்த ஊசியில மாட்டறமுங்க, இல்லீன்னா துணி சுருங்கிப்போயிரும். அந்தக் காலத்துல அவங்க 'டென்டர்'ங்கற மரச்சட்டத்துல கொக்கி அடிச்சு மாட்டியிருக்காங்க. காயற வரைக்கும் துணி அப்படியே விறைச்சு நிக்கோணும்."

நடுவில் விரலால் சுண்டினாள். தெறித்த நீர் அவர்களுடைய கேள்வித்தாளில் விழுந்தது. இருவரும் எழுந்து நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"விட்டுரலாமாம்மா?" என்றார் மேனேஜர்.

நாகமணி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"காயட்டுமுங்க சார்."