நாக்குக்கு அடியில்

சிறை மருந்தகத்தின் கம்பி ஜன்னல் வழியாகக் காலை வெயில் கோடு கோடாக மாத்திரைத் தட்டில் விழுகிறது. வெளியே கைதிகளின் வரிசை நிற்கிறது. உள்ளே தட்டுக்கு முன்னால் இளைய நர்ஸ் நிற்கிறாள். மாத்திரை கொடுத்ததும் ஒவ்வொருவர் வாயையும் திறக்கச் சொல்லிப் பார்ப்பது அவள் வேலை. "மகளே" என்று கூப்பிட்ட வயசான கைதியிடம் மட்டும் அப்படிக் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை. அவர் பதினொரு நாள் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, பிறகு வெளியே எடுத்துச் சேர்த்துவைத்து, போன வாரம் ஒரேயடியாக விழுங்கிச் செத்துப்போனார். "முடியலைன்னா நான் நிக்கிறேன்டி," என்கிறாள் பக்கத்தில் நிற்கும் மூத்த நர்ஸ். "வேணாங்க்கா. இன்னிக்கு விட்டா அப்புறம் நான் வேலைக்கே வரமாட்டேன்." மூத்தவள் தட்டைத் தொடவில்லை, அவள் முதுகில் உள்ளங்கையை மட்டும் வைத்துக்கொள்கிறாள். முதல் ஆள் மாத்திரையை விழுங்கிவிட்டு இளிக்கிறான். "என்ன சிஸ்டர், துணைக்கு மாமியாரைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?" அவள் சிரிக்கவில்லை. "வாயைத் திறங்க," என்கிறாள். "நாக்கைத் தூக்குங்க." அவன் தூக்குகிறான். அங்கே ஒன்றுமில்லை. "போதுமா சிஸ்டர்? தாடை வலிக்குது." "அடுத்த ஆளைக் கூப்பிடுடி," என்று மூத்தவள் காதோரம் சொல்கிறாள். அவளோ அந்த வெறும் வாய்க்குள் இன்னும் தேடிக்கொண்டே நிற்கிறாள்.