வாத்தக்கா கேட்ட கேள்வி

"காவலாளி வாசலைவிட்டு நகரவே இல்லை சார். யாரும் வெளியே போகலையாம். பிள்ளை கடைக்குள்ளதான் எங்கேயோ ஒளிஞ்சிருக்கான்."

கடை விற்பனையாளர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு ஃப்ரிட்ஜாகத் திறந்து பார்த்தார். அதைப் பார்த்ததும் பிள்ளையின் அப்பாவான பஸ் டிரைவர் ஓடிப்போய் அடுத்த ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

வாஷிங் மெஷின் பார்க்க வந்தவர்கள். ஒரே ஒரு நிமிஷம் கையை விட்டதுதான், மூன்று வயசு பட்டுவைக் காணோம்.

"டேய் பட்டு! பட்டூ!"

"கத்தாதீங்க சார். சத்தம் கேட்டா பயந்து இன்னும் உள்ளே போயிடுவான். எதுக்குள்ளயாவது போய்க் கதவு சாத்திக்கிச்சுன்னா..." மிச்சத்தை அவர் விழுங்கிவிட்டார். "வீட்டுல என்ன டிவி பார்ப்பான்னு சொல்லுங்க. கடையில இருக்கிற எல்லா டிவியிலயும் போடறேன். தானா வருவான்."

"எங்க வீட்டுல பிள்ளைக்கு டிவி, போன் எதுவும் காட்டறதே இல்லை," என்றாள் டிரைவரின் மனைவி. பாலர் பள்ளியில் மதிய வகுப்பு டீச்சர்.

"தெரியும் டீச்சர். என் பிள்ளையும் உங்க பள்ளிதான். போன மாசம் பெற்றோர் கூட்டத்துல நீங்க பேசினதைக் கேட்டுட்டுத்தான் நாங்களும் எங்க வீட்டுல நிறுத்தினோம். ஆனா இப்போ..."

"அதான் சொல்றேனே! அவனுக்கு அதெல்லாம் என்னன்னே தெரியாது. தேடறதை விட்டுட்டு என்னய்யா டிவி?" அவள் குரல் உடைந்தது.

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

காலையில் அவருக்கு ஷிஃப்ட், பிள்ளையை அவள் பார்த்துக்கொள்வாள். மதியம் அவள் கிளம்பியதும் அப்பாவும் பிள்ளையும் போனை எடுத்துவைத்துக்கொண்டு 'வாத்தக்கா' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியைப் பார்ப்பார்கள். அவரே சின்ன வயதில் பார்த்தது. இன்றைக்கும் அதே துணி வாத்து, அதே நிதானப் பேச்சு. ஒரு கேள்வி கேட்கும், பிள்ளைகள் பதில் சொல்லட்டுமென்று பொறுமையாகக் காத்திருக்கும். பட்டு ஒருநாள்கூடப் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.

சொன்னால் ஊரறிய மனைவியின் மானம் போகும். சொல்லாவிட்டால்? விற்பனையாளர் இப்போது பெரிய ஃப்ரீசரின் மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"வாத்தக்கா போடுங்க!" என்று கத்தியேவிட்டார் டிரைவர். மனைவி பக்கம் திரும்பாமலே, "மன்னிச்சுடும்மா. தினமும் நான்தான் காட்டறேன்," என்றார்.

பிறகு ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. இனி ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டாள் என்று நினைத்தார். பரவாயில்லை, பிள்ளை கிடைத்தால் போதும்.

சுவர் முழுக்க இருந்த டிவிகளில் ஒரே சமயத்தில் வாத்து கழுத்தை நீட்டியது.

"இன்னைக்கு யாரெல்லாம் வந்திருக்கீங்க?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தது. டிரைவர் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று...

"நான் வந்துட்டேன் வாத்தக்கா!"

மூலையில் கிடந்த காலி அட்டைப்பெட்டி ஆடியது. தலையெல்லாம் தெர்மாகோல் தூளோடு பட்டு தவழ்ந்து வெளியே வந்தான். டீச்சர் ஓடிப்போய் வாரி அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவளுக்குப் பின்னாலேயே டிரைவரும் ஓடிவந்தார்.

அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த பட்டுவின் சிரிப்பு சட்டென்று நின்றது. அவள் காதைப் பிடித்து இழுத்து, கடைக்கே கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னான்:

"அம்மா, சீக்கிரம் வாத்தக்காவை நிறுத்தும்மா... அப்பா வந்துட்டாரு!"