கடல் தாண்டி வந்த காசு

"மடியை அவுத்து ஒதறு, தேசப்பா."

சாக்கின் மேல் குனிந்து சில்லறை பிரித்துக்கொண்டிருந்த தேசப்பன் நிமிரவில்லை.

"ஒன்னத்தான். ஒதறுன்னு சொல்றேன்."

எழுந்து வேட்டி மடிப்பைத் தளர்த்தினான். ஒரு காசு தரையில் விழுந்து, உருண்டு, முதலாளி பக்தவச்சலத்தின் காலடியில் போய்ப் படுத்தது. ஓரமெல்லாம் பூவிதழ் மாதிரி நெளிநெளியாய் இருந்த எகிப்துக் காசு.

பக்தவச்சலம் குனிந்து அதை எடுத்தார்.

திருத்தணி மலையடிவாரத்தில் அவர் வைத்திருந்தது சில்லறை மாற்றித் தரும் காசுக் கடை. யுத்தத்தால் சில்லறைக்குப் பஞ்சம் வந்த பிறகு, மலைப்படியில் உட்காரும் பண்டாரங்கள் அன்றன்றைக்குச் சேர்ந்ததை அவரிடம்தான் கொண்டுவந்து கொட்டுவார்கள். அரக்கோணம் முகாமிலிருந்து சாமி கும்பிட வரும் சிப்பாய்கள், தாங்கள் போய்வந்த தேசத்துக் காசைச் சிலசமயம் அந்தப் பண்டாரங்களின் விபூதித் தட்டில் போட்டுவிட்டுப் போவார்கள். அப்படி மாதத்துக்கு ஒன்றிரண்டாக அகப்படுவதைத் தனியாக ஒரு தகர டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். அவற்றை வாங்கிச் சேர்ப்பதற்காகவே பட்டணத்து டாக்டர் ஒருவர் மாதாமாதம் ரயிலேறி வருவார்.

அதைக் கண்டெடுப்பதில் தேசப்பனை மிஞ்ச ஆளில்லை. சாக்குக்குள் கையை விட்டால் விரலே சொல்லிவிடும். பதினைந்து வருஷமாக ஒரு காலணா அவன் கையில் ஒட்டியதில்லை. சில மாதங்களாகத்தான் டப்பா காலி.

"எத்தினி நாளா நடக்குது இது?"

தேசப்பன் வேட்டியை மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"டாக்டர் வெறுங்கையோட திரும்பிப் போய்கினு இருக்காரு. நீ வெளியில வித்துகினு இருக்கியா?"

"விக்கல மொதலாளி."

"பின்ன இன்னா பண்ணே?"

தேசப்பன் சாக்கைச் சுருட்டி ஓரமாக வைத்தான்.

"நாளையிலேர்ந்து வராத. போ."

துண்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பினான். "வூட்டுல மட்டும் சொல்லிடாதீங்க மொதலாளி."

அந்த வார்த்தைதான் பக்தவச்சலத்தைக் கிளப்பிவிட்டது. செய்வது திருட்டு, இதில் மானம் வேறா? குடையை எடுத்துக்கொண்டு நேரே அவன் வீட்டுக்கு நடந்தார்.

தேசப்பன் இன்னும் வந்து சேரவில்லை. அவன் மனைவி ரஞ்சிதம் பதறிப்போய்ப் பலகையை எடுத்துப் போட்டாள்.

"உக்கார வரல. ஒன் புருஷன் காசு ஏதாச்சும் கொண்டாந்து குடுத்தானா?"

அவள் முகம் மலர்ந்தது. "ஆங், குடுத்தாரே!"

உள்ளே போய், விளக்குமாடத்திலிருந்து ஒரு பித்தளைத் தட்டை எடுத்துவந்து நீட்டினாள். நடுவில் ஓட்டை போட்ட காசு, சதுரக் காசு, நெளிந்த காசு. எல்லாவற்றையும் புளி போட்டுப் பளபளவென்று துலக்கியிருந்தாள்.

"எங்க கண்ணையன் குடுத்தனுப்பினதுங்க. சண்டைக்குப் போயிருக்கானே, எம்மவன். லீவுல வர்ற சிப்பாய்ங்க கையில மாசத்துக்கு ஒண்ணா குடுத்தனுப்புறான். அவங்க கடையாண்ட வந்து இவருகிட்ட குடுத்துட்டுப் போறாங்களாம். ஒங்களுக்குத் தெரியாததா?"

பக்தவச்சலம் வாயைத் திறந்தார்.

அதற்குள் வாசலில் தேசப்பன். மனைவியின் முதுகுக்குப் பின்னால் நின்று, சத்தமில்லாமல் கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஆங்... தெரியும்" என்றார் பக்தவச்சலம். "நல்ல காசு."

தெருவுக்கு வந்ததும் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். "பையன் இன்னா ஆனான்?"

"போன கார்த்திகையில தந்தி வந்துச்சு மொதலாளி. தபால்காரன் ரோட்டுலயே என் கையில குடுத்துட்டான். மலைமேல போயி கிழிச்சிப் போட்டுட்டேன். ஒரே புள்ளை. எந்த வாயால அவகிட்ட சொல்லுவேன்? அவன் இருந்தப்ப நெசமாவே ரெண்டு காசு குடுத்தனுப்பினான். அடுத்தது எப்ப வரும், எப்ப வரும்னு கேட்டுகினே இருந்தா. அதான்..."

துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"காலையில கடைக்கு வந்துடு" என்று மட்டும் சொல்லிவிட்டு பக்தவச்சலம் நடந்தார்.

தெரு திரும்பியதும் பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். ரஞ்சிதம்.

"கொடைய வுட்டுட்டு வந்துட்டீங்க."

வாங்கிக்கொண்டார். அவள் போகவில்லை. புருஷன் வருகிறானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அவரை வேலையை வுட்டு நிறுத்திட்டீங்களா மொதலாளி?"

"இல்லம்மா. நாளைக்கு வருவான்."

"அதெல்லாம் ஒங்க கடைக் காசுன்னு எனக்குத் தெரியுங்க."

பக்தவச்சலம் விரிக்கப்போன குடையை மடக்கினார்.

"மூணாவது காசை அவரு குடுத்தப்ப மோந்து பாத்தேன், எம்புள்ளை வாசனை வருமான்னு. நம்ம மலை விபூதி வாசனைதான் வந்துச்சு. அப்புறம், கூடப் போன பொதட்டூர்பேட்டைப் பையன் ஒருத்தன் கால் போயி வந்து சேந்தான். அவரு கடைக்குப் போயிருந்த நேரமாப் பாத்து வந்து, எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டுப் போனான்."

"பின்ன ஏம்மா அவன்கிட்ட வாயைத் தொறக்கல?"

ரஞ்சிதம் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"இனிமேலும் அவரு ஒண்ணு ரெண்டு எடுத்தா கண்டுக்காதீங்க மொதலாளி. ஒங்களுக்கு ஆன நஷ்டத்துக்கு நான் வந்து வேலை செஞ்சி கழிச்சிடுறேன். அந்தக் காசை என் கையில குடுக்கிறப்ப மட்டுந்தான் அவரு எம்புள்ளை பேரைச் சொல்றாரு."