காருக்குக் கேட்காத சத்தம்

"எஞ்சின் பாம்பாட்டம் சீறுது, இதுக்குக் கேக்கலையாமா?" என்று சென்னியப்பன் தன் டாக்ஸியைப் பார்த்துக் கத்தினார். "கத்தாதீங்க, அது எல்லாத்தையும் எழுதிக்கும்," என்று அவர் மனைவி கோகிலவாணி அவரைவிடச் சத்தமாகக் கத்தினாள். எங்கள் குடியிருப்பில் காலை ஏழு மணிக்கு இதைவிட நல்ல நிகழ்ச்சி கிடையாது. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சாக்கில் பால்கனியில் நின்றுகொண்டேன்.

"எஞ்சினில் கோளாறு இல்லை. சத்தம் உங்கள் காதில்தான்," என்றது கார், மிக மரியாதையாக. இல்லாத சத்தம் கேட்பவரின் லைசென்ஸ் அன்றே ரத்தாகிவிடும்.

சென்னியப்பன் பானட்டைத் திறந்து, ரப்பர் குழாயில் இருந்த கீறலை விரலால் அழுத்தினார். சீறல் நின்றது. விரலை எடுத்தார்; மறுபடி சீறியது.

"வேறு யாருக்காவது கேட்கிறதா?" என்றது கார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, உங்களுக்குக் கேக்குதுங்களா?"

என் குக்கர் விசிலையும் மீறிக் கேட்டது. ஆனால் கேட்கிறது என்று சொன்னால் என் காதையும் சோதிப்பார்கள். நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள்.

"ஒண்ணும் கேக்கலைங்களே தம்பி."

அவர் மனைவியைப் பார்த்தார். அவளுக்கும் ஸ்கூட்டர் லைசென்ஸ் இருக்கிறது. "எனக்கும் கேக்கலைங்க," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

மத்தியானமே காது சோதிக்கிறவர்கள் வந்து அவரை அழைத்துப் போனார்கள். அடுத்த மாதம் கோகிலவாணி தாராபுரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் குடிபோய்விட்டாள். சென்னியப்பன் எங்கே இருக்கிறார் என்று எனக்கே தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.