குலசாமி பார்க்கும் முன்

மூக்கண்டப்பள்ளியின் காலை வெயில் அந்த வெள்ளை எஸ்.யூ.வி.யின் மேல் கண் கூச விழுகிறது. ஹரீஷ்குமார் அதைப் பெங்களூரில் பழையதாக வாங்கி மூன்று நாள்தான் ஆகிறது. முகப்பில் சாமந்தி மாலை. எதிர் வீட்டு மெக்கானிக் ஜெகதீஷ் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவை எட்டிப் பார்க்கிறான். டிகாஷன் மாதிரிக் கறுத்து, பாதிக்குக் கீழே இறங்கிக் கிடக்கிறது. "மத்தியானம் வரைக்கும் வண்டிய எங்கிட்ட விடுண்ணா. தொப்பூர் மலை இறக்கத்துக்கு இந்த பிரேக் ஆவாது." ஹரீஷ் மனைவியைப் பார்க்கிறான். சுஜாதா சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருக்கிறாள். "சேலத்துல குலசாமி பாக்காத வண்டில, நீ முதல்ல ஸ்பேனர் வைப்பியா? போய்ட்டு வர்றோம், அப்புறம் பிரிச்சு மேஞ்சுக்கோ தம்பி." பின்சீட்டில் இரண்டு பெண் குழந்தைகள், தலை நிறையப் பூவோடு, ஜெகதீஷுக்குக் கை காட்டுகின்றன. ராகுகாலத்துக்கு இன்னும் பத்து நிமிடம். வண்டி நகர்கிறது, பழங்கள் நசுங்குகின்றன, கிருஷ்ணகிரி போகும் லாரிகளுக்கு நடுவே அந்த வெள்ளை மறைகிறது. முன்சக்கரம் நின்ற இடத்தில் ஈரம். எலுமிச்சைச் சாறுதானே என்று ஜெகதீஷ் காலால் தேய்க்கிறான், செருப்பு வழுக்குகிறது. குனிந்து, விரலில் தொட்டு முகர்ந்து பார்க்கிறான். பிரேக் ஆயில். துடைக்காத கையோடு போன் போடுகிறான். ஹரீஷின் காலர் டியூனில் அம்மன் பாட்டு பாடி முடிந்து, மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்குகிறது.