ஓவனுக்குப் போட்ட வெள்ளை வயர்

"யாரு பிடுங்கினது? மறுபடியும் கழண்டு கிடக்கு!"

நெட்வொர்க் வேலைக்காக வெளியிலிருந்து வந்திருந்த பெண் போட்ட சத்தத்தில் பெயிண்ட் ஷாப்பே திரும்பியது. எல்லார் கண்ணும் போய் நின்றது ஓவன்காரர் கையில். முழங்கை வரைக்கும் கறுப்பு கிரீஸ்.

"என்னை ஏன்யா பாக்குறீங்க?" என்றார் அவர்.

"பின்ன யாரைப் பாக்குறது? நீ டீ குடிக்கப் போனா ஓவன் சூடு இறங்குறது இனிமே மாடியில தெரிஞ்சிடுமே!" என்றான் பெயிண்ட் அடிக்கிறவன்.

பெயிண்ட் அடித்த தகடுகளைக் காயவைக்கும் கிழட்டு ஓவன் அது. அதன் பாஷை கம்ப்யூட்டருக்குப் புரியாது. அதனால் ஓவன் முதுகிலிருந்து ஒரு கேபிளை எடுத்து, இரண்டு பாஷையும் தெரிந்த சின்னப் பெட்டி ஒன்றில் மாட்டி, பெட்டியிலிருந்து வெள்ளை வயரை மாடி ஆபீஸ் வரை இழுத்திருந்தாள் அந்தப் பெண். இனி சூடு எவ்வளவு என்று மாடித் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதுவரை மேனேஜர்தான் மணிக்கொரு தடவை படியிறங்கி வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவார்.

வேலை முடிந்ததென்று நினைத்தால், மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் திரை செத்துப்போகிறது. வந்து பார்த்தால் வெள்ளை வயர் தரையில் கிடக்கிறது. நேற்றும் இதே கதை.

"பிடுங்கினவங்களை லோடு இறக்கப் போடச் சொல்லிட்டாரு முதலாளி" என்றாள்.

ஓவன்காரருக்கு முகம் செத்துவிட்டது. இடுப்பு வலிக்காரர். ஒரு மூட்டை தூக்கினால் ஒரு வாரம் படுக்கைதான்.

"சத்தியமா நான் தொடலம்மா. டீ குடிக்கப் போறது உண்மை. வயரை ஏன் நான் பிடுங்கப் போறேன்?" என்றவர், ஓவன் மேல் சூட்டுக்கு வைத்திருந்த டப்பாவை எடுத்து நீட்டினார். "முதல்ல கோவத்தைக் குறைங்க. என் வீட்டுக்காரி போட்ட உருளைக்கிழங்கு வறுவல். இதுல கைவைக்காத ஆளே இங்க கிடையாது."

"வேணாம்ணே. எங்க வீட்டுல எண்ணெய்ச் சட்டியைப் பரண்ல ஏத்தியாச்சு. டாக்டர் உத்தரவு."

"அடப்பாவமே, இந்த வயசுலயா?"

"எனக்கில்ல, வீட்டுல ஒருத்தருக்கு. அவருக்குத் துணையா எல்லாருக்கும் அவிச்ச காய்."

சத்தம் கேட்டு மேனேஜர் அங்கே வந்தார். தொந்தி முன்னால் வர, மூச்சு பின்னால் வந்தது.

"விடும்மா, யாரையும் திட்டாத. கிழட்டு மெஷினு, இதெல்லாம் அதுக்கு ஒத்துக்காது. நான் முன்ன மாதிரியே வந்து எழுதிக்கிறேன்."

"மணிக்கொரு தடவையா சார்? இத்தனை படியை ஏறி இறங்கியா?"

"வேலைன்னா சும்மாவா?"

"பாத்துக்கங்கடா, இவருதான் மனுஷன்!" என்று உருகினார் ஓவன்காரர். கண்ணே கலங்கிவிட்டது அவருக்கு.

அந்தப் பெண் குனிந்து வயரின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளை வயரில் பளிச்சென்று ஒரு விரல் ரேகை. கறுப்பாக இல்லை. மஞ்சளாக மினுமினுத்தது, ஓரத்தில் மிளகாய்ப் பொடி.

மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். நிமிர்ந்தாள். ஓவன்காரர் பயந்துபோய் ஒதுங்கி நின்றார். அவரைத் தாண்டி நடந்தாள்.

மேனேஜர் முன்னால் போய் நின்றாள். அவர் இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"அப்பா, கையை வெளிய எடுங்க."